மேனாம்பேட்டு பெரைராக்கள்

1

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் பன்னிரண்டு தபால் பெட்டிகள். அதில் மூன்றில் பெரைரா என்று எழுதியிருக்கும். கீழ்த்தளத்தில் கார் மெக்கானிக் பெரைரா, மூன்றாம் மாடியில் பூனை வளர்க்கும் கிழவி பெரைரா, நடுவில் அம்பத்தூர் மேனாம்பேட்டுக்காரனான நான், பெ. ஏழுமலை. போர்ச்சுகலில் தடுக்கி விழுந்தால் ஒரு பெரைரா மீதுதான் விழ வேண்டும். தபால்காரருக்கு இதிலெல்லாம் சிரத்தை கிடையாது. கைக்கு வந்த பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கொரு கடிதம். ஆண்களுக்கு வயதானால் கீழே எங்கேயோ வீங்குமே, அந்தச் சுரப்பியைச் சோதிக்க வரச் சொல்லியிருந்தது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் மனைவி சுகந்தி முகவரியை உற்றுப் பார்த்து, "யோவ், இது மெக்கானிக்கோடது" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை, நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே" என்றார்.

ஒரே குடும்பமாம். எங்கள் குடும்பத்தின் கதை தெரிந்திருந்தால் அந்த மனிதர் என் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்.

2

எங்கள் வீட்டில் பெரைரா என்பது குலப்பெயரும் அல்ல, குடும்பப் பெயரும் அல்ல. அது என் அப்பாவின் பெயர். வெறும் பெயர். அவருடைய அப்பா பெயர் கன்னியப்பன், அம்மா முனியம்மா, தங்கை எல்லம்மாள். நடுவில் இவர் மட்டும் பெரைரா. நாங்கள் மாதாகோயில் பக்கம் போனதில்லை. குலதெய்வம் அங்காளம்மன், பிள்ளைகள் எங்கள் மூன்று பேருக்கும் அங்கேதான் மொட்டை.

நான் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை இதுதான். தாத்தா கன்னியப்பன் வேப்பம்பட்டுப் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய வயல்களில் கூலி வேலை செய்தவர். அடைமழைக் காலத்தில் ஆயா முனியம்மாவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை உதறிவிட்டாள். ஏரி உடைத்துக்கொண்டு ரோடே கிடையாது. ஆயாவை வரப்பில் கிடத்திவிட்டுத் தாத்தா தண்டவாளத்துக்கு ஓடியிருக்கிறார். தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி. ரயிலை நிறுத்தச் சிவப்பு வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அவரிடம் இருந்த ஒரே சிவப்பு, இடுப்பில் கட்டியிருந்த கோவணம். அவிழ்த்து ஆட்டிவிட்டார்.

வண்டி நின்றது. இறங்கி வந்த டிரைவர் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்தியர். முதலில் ஆங்கிலத்தில் திட்டினார், அப்புறம் தமிழில் திட்டினார், அதற்கப்புறம்தான் வரப்பில் கிடந்த பெண்பிள்ளையைப் பார்த்தார். கார்டு பெட்டியில் ஏற்றிக்கொண்டார்கள். வண்டி குலுக்கிய குலுக்கலில் பிள்ளை திரும்பிக்கொண்டது என்பது எங்கள் குடும்ப வரலாறு. திருமுல்லைவாயலுக்கும் அம்பத்தூருக்கும் நடுவே அப்பா பிறந்தார். அம்பத்தூரில் இறக்கிவிட்டபோது மேனாம்பேட்டுக்காரர் ஒருவர் தன் மாட்டுக் கொட்டகையில் இடம் கொடுத்தார். தாத்தா திரும்பிப் போகவேயில்லை. டிரைவர் பெயரைக் கேட்டு, அதைப் பிள்ளைக்கு வைத்தார். தலைவர் பெயரையும் டாக்டர் பெயரையும் பிள்ளைக்கு வைப்பது நம் ஊரில் புதிதா என்ன? இவர் ரயில் டிரைவர் பெயரை வைத்தார், அவ்வளவுதான்.

பெயர் நின்றுவிட்டது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் நோட்டீசில் 'உபயம்: பெரைரா' என்று அச்சடித்து வரும். கோயில் கமிட்டிக்காரர் ஒவ்வொரு வருடமும் வந்து தலையைச் சொறிவார்.

"அண்ணாத்தே, இந்த வாட்டி உம் புள்ள பேர போட்டுக்கலாமா? பாக்கறவன் ஒரு மாதிரி பேசறான்."

"காசு குட்த்தது யாரு?"

"நீதான்."

"அப்ப என் பேர போடு."

கிறிஸ்துமஸுக்கு நான்கு வீட்டிலிருந்து கேக் வரும். அப்பா எதையும் மறுத்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் பிள்ளைகளும் அவருக்கு முழு ஆதரவு.

3

கேக்கோடு முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பிளஸ் டூவில் நான் நல்ல மார்க் வாங்கினேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தாலுகா ஆபீசுக்கு அப்பாவோடு போனேன். நம் மாநிலத்தில் என் சாதிக்காரன் இந்து என்றால் ஒரு பட்டியல், கிறிஸ்தவன் என்றால் வேறு பட்டியல். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மனுவைப் பார்த்தார், அப்பாவின் நெற்றியிலிருந்த விபூதியைப் பார்த்தார், திரும்பவும் மனுவைப் பார்த்தார்.

"பேரு பெரைரா. மதம் இந்து. யார் காதுல பூ சுத்தற?"

அப்பா ரயில் கதையைச் சொன்னார். கோவணத்தையும் விடாமல் சொன்னார். ஆபீசே சிரித்தது. வேலை மட்டும் நடக்கவில்லை. விசாரணை, அறிக்கை, திரும்பவும் விசாரணை. வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் எனக்கு ஒரு பாடம் சொன்னார்: "தம்பி, எந்த ஃபாரமா இருந்தாலும் மொதல்ல பென்சில்ல ரொப்பு. இவனுங்க எப்ப எத்த மாத்தச் சொல்வானுங்கன்னு சாமிக்கே தெரியாது." இன்றுவரை அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

கடைசியில் அந்த அதிகாரியே இரக்கப்பட்டு வழி சொன்னார். கெஜட்டில் போட்டுப் பெயரை மாற்றிவிடுங்கள், பரமசிவம், பரந்தாமன், எதுவாவது வையுங்கள், சான்றிதழ் உடனே கிடைக்கும் என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"முடியாது சார்."

கவுன்சிலிங் முடிந்த பிறகு சான்றிதழ் வந்தது. ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு டிப்ளமோ சேர்ந்தேன். அப்பாவோடு எட்டு மாதம் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே பானைச்சோறு தின்றுகொண்டு, பேசவில்லை. அம்மா நடுவில் கிடந்து அல்லாடினாள். எவனோ ஒரு ரயில் டிரைவருக்காகப் பெற்ற பிள்ளையின் படிப்பைக் கெடுத்தார் என்ற கோபம் எனக்கு. பிற்பாடு பேச ஆரம்பித்தோம், சிரித்தோம், கல்யாணம் செய்துவைத்தார். கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். முள் மாதிரி உள்ளேயே இருந்தது.

4

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பதினைந்து வருடம் கம்ப்யூட்டர் லேத் ஓட்டினேன். அந்தக் கை என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. லிஸ்பனுக்கு வடக்கே, பிளாஸ்டிக் அச்சு செய்யும் பட்டறைகள் நிறைந்த சின்ன ஊர். இரும்பு வாசனையும் லேத்தில் சூடு தணிய ஊற்றும் கூலண்ட் வாசனையும் அம்பத்தூரேதான். என்ன, டீக்கடை மட்டும் இல்லை.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, நம்மவர்களை எல்லாம் படுத்தும் கட்டம், அதில் எல்லாரையும் போல நானும் அப்பா பெயரை எழுதினேன். ஆக, ஏழுமலை பெரைரா. ஊரில் என்னைக் கவுத்த பெயர் இங்கே கதவு திறந்தது. வாடகை வீட்டுக்கு அலைந்தபோது மூன்று பேர் பெயரைக்கூடக் கேட்காமல் போனிலேயே வீடு இல்லை என்றார்கள். நான்காவது அம்மாள், "பெரைராவா? வாங்க வாங்க" என்றாள். நேரில் என் நிறத்தைப் பார்த்ததும் ஒரு நொடி வாய் திறந்தபடி நின்றாள். அதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். நன்றி சொன்னேன், அதுவும் பெண்கள் சொல்லும் விதத்தில். இந்த மொழியில் நன்றி சொல்ல ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். வகுப்புக்குப் போன சுகந்தியிடமிருந்து மொழியைக் கற்றதால் இரண்டு வருடம் ஊரெல்லாம் பெண்பிள்ளை மாதிரியே நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் திருத்தவில்லை, பாவிகள்.

லிஸ்பனில் ஒரு நம்மூர்க்காரன், காகித வேலை முடித்துத் தருபவன், என் பெயரைக் கேட்டதும் எழுந்தே விட்டான்.

"மச்சான், பேர வச்சிகினு இன்னாத்துக்கு லைன்ல நிக்கிற? போர்ச்சுகல்காரன் ஆண்ட கோவாவுல ஒரு தாத்தாவ புடிச்சிரலாம். ஜல்தியா குடியுரிமை."

"எங்க தாத்தா பேரு கன்னியப்பன்யா."

"அத்த யாரு கேக்கப் போறா?"

ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன். நேர்வழியிலேயே வருடங்களை எண்ணிக் காத்திருந்து விண்ணப்பித்தேன். குடியுரிமை அலுவலகத்தில் மரியா என்றொரு அம்மாள். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"உங்கள் தந்தையின் குடும்பப் பெயர்?"

"அவருக்குக் கிடையாது. பெரைரா அவருடைய முதல் பெயர்."

"சரி, கடைசிப் பெயர்?"

"அதுவும் அதுதான். ஒரே பெயர்."

"அவருடைய தந்தை?"

"கன்னியப்பன். அவருக்கும் ஒன்றுதான்."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்கள் ஊரில் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஆரம்பிக்கிறதா?" என்று கேட்டாள். நக்கலா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. ஆமாம் என்றேன்.

எனக்குக் கிடைத்துவிட்டது. இப்போது என் மகள் கயலின் முறை. பதினோரு வயது. நம் வழக்கப்படி அவள் ஏ. கயல், அதாவது கயல் ஏழுமலை. இந்த நாட்டுப் பள்ளிக்கூடமோ என் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கயல் பெரைரா ஆக்கிவிட்டது, இங்கத்துக் காகிதங்கள் எல்லாவற்றிலும் அதுவே ஏறிவிட்டது. குடியுரிமை விண்ணப்பத்தில் பெயரை மாற்ற வேண்டுமா என்று ஒரு கேள்வி உண்டு. இப்போது மாற்றினால் சுலபம், பிறகு கோர்ட், வக்கீல் என்று இழுக்கும் என்று மரியா சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஃபாரத்தோடு வரச் சொன்னாள்.

5

அந்த வாரம் பார்த்து பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். உன் குடும்பப் பெயர் எங்கே தோன்றியது, உலகத்தில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது, வரைபடத்தோடு எழுது.

கயல் பெரிய அட்டையில் உலகத்தை வரைந்தாள். பெரைரா என்றால் பேரி மரம். வடக்குப் பக்கம் பேரி மரங்கள் நிறைந்த ஏதோ ஓர் ஊரில் கிளம்பிய பெயர் என்பது ஒரு கட்சி. மதம் மாற்றப்பட்ட யூதர்கள் மரங்களின் பெயரை வைத்துக்கொண்டார்கள் என்பது இன்னொரு கட்சி. எதற்கும் நிச்சயமில்லை என்று ஆசிரியையே சொல்லிவிட்டாராம். அங்கிருந்து கப்பலேறிய பெயர் பிரேசிலில் இறங்கியது. அங்கோலா, கேப் வெர்டி, கோவா, மங்களூர், மலாக்கா, தீமோர். இலங்கையில் கொஞ்சம் தேய்ந்து பெரேரா ஆகி, சிங்களப் பெயர் மாதிரியே உட்கார்ந்துகொண்டது. நம் தூத்துக்குடிக் கரையிலும் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் ஒரு குண்டூசி. கொலம்பியாவில் அந்தப் பெயரில் ஒரு நகரமே இருக்கிறதாம். அப்பாவிடம் சொன்னால் உடனே டிக்கெட் போடச் சொல்வார்.

சனிக்கிழமை குண்டூசி குத்துவது நின்றுவிட்டது. கயல் அட்டைமுன் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நாம யாரோட அடிமையா இருந்தோம்?"

பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன். அவளோடு படிக்கும் அங்கோலாக்காரப் பிள்ளைக்கும் இதே பெயர்தானாம். அது அவள் முன்னோர்களை விலைக்கு வாங்கியவன் வைத்த பெயர் என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பாக இருக்கிறோமே, நமக்கும் அப்படித்தான் வந்திருக்கும் என்று இவளே முடிவு கட்டிவிட்டாள்.

"இல்லம்மா. அது தாத்தா பேரு."

"தாத்தாவுக்கு யார் வச்சாங்க?"

"ஒரு டிரைவர் பேரு. ரயில் டிரைவர்."

"அவர்தான் ஓனரா?"

ரயில் கதையை அவளிடம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. எனக்கே பிடிக்காத கதையை எதற்குச் சொல்வது? அவள் சொன்னாள்: "எனக்கு இந்தப் பேர் வேணாம்பா. கயல் ஏழுமலைன்னு வச்சிக்கறேன்."

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளைக்குப் பின்னால் தகப்பன் பெயர் வருவதுதானே நம் முறை? இங்கே பள்ளியில் சேர்த்ததிலிருந்து என் மகளுக்குப் பின்னால் என் பெயரைக் காணோம். அது மட்டுமா? தாலுகா ஆபீசுக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்த்த மாதிரி. அன்றைக்கே ஃபாரத்தை எடுத்தேன். பெயரை மாற்ற வேண்டுமா? ஆம். புதிய குடும்பப் பெயர்? ஏழுமலை. பென்சிலில்தான், ஆனாலும் அழுத்தி எழுதினேன்.

சுகந்தி எட்டிப் பார்த்தாள். "மாமாகிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"கேட்டா வேணாம்பாரு."

"அப்ப கேக்கணும்" என்றாள் அவள்.

6

ஞாயிறு காலை இங்கே பத்து மணி. ஊரில் அப்பா மதியச் சோறு முடித்துப் பல் குத்திக்கொண்டிருப்பார். அம்மா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார், என் தங்கச்சி பக்கத்துத் தெருவில். வீடியோவில் முதலில் அவர் மூக்கு மட்டும் தெரிந்தது.

"இன்னா கண்ணு, துன்னியா? தாத்தா ஊட்ல இன்னிக்கு கறி."

கயல் சுற்றி வளைக்கவில்லை. "தாத்தா, பெரைரா உங்களோட ஓனரா?"

அப்பா போனைத் தூரத் தள்ளிப் பிடித்தார். "எவன் சொன்னது? உங்கொப்பனா?"

பிறகு சொன்னார். மழை, ஏரி, வரப்பு எல்லாம் வந்தது. கோவணம் வந்த இடத்தில் கயல் அர்த்தம் கேட்டாள். சுகந்தி சொன்னாள். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அசதியாக உட்கார்ந்திருந்தேன், நூறு தடவை கேட்டாயிற்றே. வழக்கமாகப் பெயர் வைப்பதோடு கதை முடியும். அன்றைக்கு அவள் விடவில்லை.

"அப்புறம் அந்த டிரைவர் என்ன ஆனாரு?"

"அவரா? வண்டிய நடுவுல நிறுத்தினதுக்கு மெமோ குட்த்தாங்க. ஆறு மாசம் இஞ்சின் பக்கமே வுடல. அப்பால எங்கப்பா என்னிய தூக்கிகினு பெரம்பூர்ல அவுரு ஊட்டுக்குப் போனாரு. 'தொர, ஒங்க பேர எம் புள்ளைக்கு வச்சிகினேன், கோச்சிக்காதீங்க'ன்னாரு. அந்தம்மா என்னிய வாங்கி மடியில வச்சிகினு ஒரே அழுவ. அவங்களுக்குப் புள்ள இல்ல கண்ணு. வருசா வருசம் என் பொறந்த நாளுக்கு இஸ்துகினு போவாரு எங்கப்பா. எனக்கு அரை டிராயர், கேக்கு எல்லாம் குடுப்பாங்க."

கேக்கை மறுக்காத பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இப்ப எங்க இருக்காங்க?"

"எனக்கு ஒம்போது வயசுல ஆஸ்திரேலியா போறம்னு கப்பலேறிட்டாங்க. வழியனுப்ப ஆர்பருக்குப் போனோம். அவுரு எங்கப்பா கைய புடிச்சிகினு, 'கன்னியப்பா, எனக்கப்புறம் இந்தப் பேருக்கு ஆள் இல்ல மேன். இவன்கிட்டயே இருக்கட்டும், மாத்திடாத'ன்னாரு. எங்கப்பா கற்பூரம் இல்லாமயே சத்தியம் பண்ணாரு. ரெண்டு கடுதாசி வந்துச்சி. அப்பால இல்ல."

நான் போனைப் பிடுங்காத குறை. "இத்த ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட? ரயிலு வந்தாலே எழுந்து போய்டுவ."

"தாலுகா ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா வுட்டுட்டு இருப்பியா?" பல் குத்துவதை நிறுத்தினார். "அன்னிக்கு ராவெல்லாம் நான் தூங்கலடா நைனா. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் எங்கப்பன் பண்ண சத்தியம். உன் படிப்பு போச்சேன்னு எனக்கு இல்லாமயா பூடும்? இன்னிக்கும் கீது." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கயலைக் கூப்பிட்டார். "கண்ணு, சத்தியம் பண்ணது எங்கப்பன். காப்பாத்தறது என்னோட போவட்டும். உனக்குப் புடிக்கலன்னா மாத்திக்க. உங்கொப்பன் பேரும் நல்ல பேருதான், நான் வச்சதுதான அது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி போனைச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குப் போனேன். இருபத்தைந்து வருடம் அந்த மனிதரை நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

7

திங்கட்கிழமை கயலின் அட்டை பள்ளிக்குப் போனது. ஆஸ்திரேலியாவில் ஒரு குண்டூசி, பக்கத்தில் கேள்விக்குறி. சென்னையில் இடம் போதவில்லை என்று ஓரமாகத் தனிக் கட்டம் போட்டு, அம்பத்தூருக்கும் திருமுல்லைவாயலுக்கும் நடுவில் தண்டவாளம் வரைந்து, அதன்மேல் ஒரு குண்டூசி. எங்கள் பெயர் தோன்றிய இடம் இது என்று எழுதியிருந்தாள். தண்டவாளத்தில் ஓர் ஆள் சிவப்பாக எதையோ ஆட்டிக்கொண்டு நின்றார். இது என்ன கொடி என்று ஆசிரியை கேட்டாராம். இவள் வகுப்பு முழுவதற்கும் விளக்கமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பெரைராக்களின் மானம் அன்றோடு கப்பலேறியது. அங்கோலாக்காரப் பிள்ளைதான் எல்லாரையும்விட அதிகம் கைதட்டியதாம்.

செவ்வாய்க்கிழமை மரியாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தோம். கயலிடம் தமிழில் கேட்டேன். "என்னம்மா, ஏழுமலையா, பெரைராவா?"

அவள் என்னைப் பார்த்தாள், ஃபாரத்தைப் பார்த்தாள். "எனக்கு அந்த டிரைவர் பேரே இருக்கட்டும்பா. ஆனா உனக்குக் கஷ்டமா இருக்குமில்ல? நீயே எழுது" என்றாள்.

மரியா கையை நீட்டினாள். பென்சிலைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். இந்த நாட்டில் யாரும் ஃபாரத்தைப் பென்சிலில் நிரப்புவதில்லை.

"ஒரு நிமிடம். உங்களிடம் ரப்பர் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

இழுப்பறையைக் குடைந்து எடுத்துக் கொடுத்தாள். ஆண்பிள்ளை சொல்லும் விதமாகவே நன்றி சொல்லிவிட்டுக் குனிந்து தேய்க்க ஆரம்பித்தேன். ஏழுமலை கொஞ்சம் நீளமான பெயர், அதையும் அழுத்தி வேறு எழுதித் தொலைத்திருந்தேன். அழித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.